தெருமுனை வரைக்கும் கேட்கும்

— திரும்பச் சொல்லுங்க. உங்க பெட்டி கரகரங்குது, பாதிதான் கேக்குது.

— பெட்டி இல்லை. வயர்லெஸ் இன்டர்காம். கையில எடுத்துக்கிட்டு நடந்தா தெருமுனை வரைக்கும் கேட்கும்.

— கூடத்துக்கே கேக்கலை. பட்டறைக் கதவைத் திறந்து நேர்ல வந்து சொல்லுங்களேன்.

— அதைத்தானே சொல்லிட்டிருக்கேன். திறக்காது. வீட்டுல எந்தக் கதவும் திறக்காது. நான் கண்டுபிடிச்ச மையப் பூட்டு ஸ்தம்பிச்சுப் போச்சு. நான் பட்டறைக்குள்ள, நீ கூடத்துல. அவ்வளவுதான் நிலவரம்.

— பத்தரைக்கு எனக்கு பஸ்.

— தெரியும்.

— அஞ்சு மணிக்குள்ள அந்த ஊருக்குப் போய்க் கையெழுத்துப் போடலேன்னா தலைமை நூலகர் வேலையை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க.

— அதுவும் தெரியும். விஞ்ஞானம் உன் பஸ்ஸைக் கேட்டுக்கிட்டா நடக்கும்? பொறுமையா உக்காரு. சரிபண்ண ரெண்டு மணி நேரம் ஆகும்.

— மிக்ஸியை ரேடியோவா மாத்த ரெண்டு நாள்னீங்க. மூணு வருஷமாச்சு. அது இப்ப ரேடியோவும் இல்லை, மிக்ஸியும் இல்லை.

— அது ஆராய்ச்சி நிலையில இருக்கு.

— இருக்கட்டும். இங்க சுவத்துல சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியுதே, ஏன்?

— ...எரியும்.

— நின்னு எரிஞ்சா கோளாறு, விட்டு விட்டு எரிஞ்சா கையால பூட்டினதுன்னு நீங்கதானே எனக்கு மூணு நாள் வகுப்பெடுத்தீங்க?

— அது வந்து, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம் காரணமாக...

— வேண்டாம்.

— என்ன வேண்டாம்?

— பொய் சொல்றப்ப மட்டும் உங்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி பேச்சு வரும். நீங்கதானே பூட்டினீங்க?

— ...ஆமா.

— எதுக்கு?

— நீ போயிட்டா, நான் சால்டரிங் பண்றப்ப டார்ச் யாரு பிடிப்பா?

— அடேயப்பா. பதினோரு வருஷத்துல நீங்க பேசின முதல் காதல் வசனம். அதுலயும் எனக்கு ஸ்டாண்ட் வேலைதான்.

— கிண்டல் பண்ணாதே. அங்க என்ன கிர்ரு கிர்ருனு சத்தம்?

— சூட்கேஸ் ஜிப். சிக்கிக்கிட்டு வரமாட்டேங்குது.

— அதை எதுக்கு மூடறே? துணியை எடுத்து பீரோவுல வை. அந்த ஊர்ல உனக்கு யாரைத் தெரியும், சொல்லு.

— பீரோவுல எங்கேங்க இடம்? என் புடவைக்கு நடுவுல டிரான்ஸ்ஃபார்மர் உக்காந்திருக்கு. சாப்பாட்டு மேஜையில சர்க்யூட் போர்டு. தலையணைக்கு அடியில ஒயர். இந்த வீட்டுல வைக்க இடமில்லாம ஓரத்துல கிடக்கற உதிரிபாகம் நான் ஒருத்திதான்.

— நீ எல்லாத்தையும் பெரிசு பண்றே.

— வேலைக் கடிதம் வந்த அன்னிக்கு அந்தக் கவர் பின்னாடி என்ன வரைஞ்சீங்க?

— காகிதம் கைக்குக் கிடைக்கலை...

— இந்தப் பூட்டோட படம். நான் கடிதத்தை வாசிச்சு முடிக்கறதுக்குள்ள பாதி வரைஞ்சுட்டீங்க.

— அந்தக் கவரை இங்கேதான் எங்கேயோ வெச்சேன்...

— காகிதத்தைப் புரட்டறதுகூட கேக்குது. பரவாயில்லையே, பெட்டி.

— யோசிச்சுப் பாரும்மா. அவ்வளவுதான் கேட்கறேன்.

— யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்.

— எங்கே, ரொம்ப நேரமா பேச்சையே காணோம்? அழறியா?

— இல்லைங்க. கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான்.

— ஏதோ ஹாரன் கேட்குதே?

— உங்க பெட்டிதான். என்னிக்கு அது இரையாம இருந்திருக்கு?

— சரி, போ. தப்பு என் பேர்லதான். நானே திறந்துடறேன். நானே டீ போட்டுத் தரேன். இந்த பஸ் போகட்டும், நிதானமா உக்காந்து பேசுவோம். இதோ, பட்டனை அமுக்கறேன்... அமுக்கிட்டேன்... ஏய்!

— என்னங்க?

— திறக்கலை! இப்ப நிஜமாவே திறக்கலை!

— திறக்காதுங்க. முன்கதவுப் பூட்டை யாராவது கழட்டினா, திருடன்னு நினைச்சு உள்கதவெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு இறுகிக்கும்னு வீடு வீடாப் போய்ப் பெருமையடிச்சீங்களே. பாருங்க, சொன்ன மாதிரியே செய்யுது.

— முன்கதவுப் பூட்டா? அதை யாரு கழட்டினா?

— நாலே ஸ்க்ரூ. அதையும் வீட்டுக்கு உள்பக்கமா வெச்சு முடுக்கியிருந்தீங்க. முடுக்கறப்ப டார்ச் பிடிச்சது யாருன்னு ஞாபகம் இருக்கா?

— அப்ப அந்தக் கிர்ரு கிர்ரு... நீ எங்கேருந்து பேசறே?

— முதல்ல ஒரு மன்னிப்புங்க. தெருமுனை வரைக்கும் கேட்கும்னு நீங்க சொன்னப்பெல்லாம் நான் சிரிச்சிருக்கேன். இதோ பஸ் வந்து நிக்குது, நீங்க கதவைத் தட்டறதுகூட இங்கே எவ்வளவு தெளிவா கேக்குது தெரியுமா?