காலையில் எடுத்த ஜீப்பு போட்டோ

அலோ... அலோ, அனுசியா அம்மாவா?... சுப்புத்தாய்தானே பேசுறது? நான் போடியிலருந்து ரேணுகா டீச்சர்... ஆமா, ஆமா, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஸ்கூல்லதான் என் பக்கத்துல நிக்கிறா. நீங்க எங்க இருக்கீங்க?... மலைத் தோட்டத்துலருந்து திரும்புற ஜீப்புலயா? போடிமெட்டத் தாண்டியாச்சா?... எத்தனாவது வளைவு?... சரி. வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க...

இல்லம்மா, வெளையாடல. மொதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க... டிரைவர் என்ன சொல்றாரு?... வளைவுல முடியாதா? அப்ப வளைவு தாண்டுனதும் ஓரங்கட்டட்டும். மெதுவா... ம்... ம்...

காலையில ஸ்டாண்டுல நீங்கள்லாம் ஏறுறப்ப போட்டோ எடுத்தேன்ல... ஆமா, ஆமா, நீங்ககூட தலைத்துண்டச் சரிபண்ணிக்கிட்டுச் சிரிச்சீங்களே, அதேதான். வகுப்புல அதப் பெருசாப் போட்டுக் காட்டி, கண்ணுல படுறத மட்டும் எழுதுங்கன்னு சொன்னேன். படம் பாத்து எழுதுற பயிற்சி. மத்ததுக எல்லாம் தூக்குவாளி, பச்சைத் துண்டுன்னு எழுதுச்சுக. உங்க மக என்ன எழுதுனா தெரியுமா? பின் சக்கரத்துல அஞ்சு நட்டுல ரெண்டுதான் இருக்குன்னு எழுதியிருக்கா...

கேக்குதா?... நட்டு. சக்கரத்தப் பிடிச்சிருக்கிற நட்டு... நான் என்ன செஞ்சேன், இல்லாதத எழுதாதன்னு தப்புப் போட்டுட்டேன். அது மத்தியானம். சாயங்காலம் பெல்லடிச்சும் வீட்டுக்குப் போகாம அழுதுக்கிட்டு நின்னா. சரி, என்னதான்னு செல்லுல பெருசாக்கிப் பாத்தேன்... ரெண்டுதான் இருக்கு சுப்புத்தாயி.

நின்னுருச்சா?... எல்லாரும் எறங்கிட்டீங்களா? டயருக்குக் கல்லு கொடுக்கச் சொல்லுங்க. இடது பக்கம், பின் சக்கரம். நீங்களே எண்ணுங்க, டிரைவர் சொல்றத நம்பாதீங்க... ம்... அஞ்சா? தொட்டுப் பாருங்க... அஞ்சும் இருக்கா?... மறுபக்கம்?... அதுலயும் அஞ்சு...

அப்பாடா. ஏ அனுசியா, அம்மா வண்டி நல்லாருக்காம்... சிரிக்காதீங்க, எனக்கு உசுரே போயிருச்சு...

என்னது?... இது காலையில போன வண்டி இல்லையா?... ஏறிப்போன வண்டியிலதானே திரும்பி வருவீங்க?... ஓ... ஏலக்காய எடை போட்டதும் எந்த வண்டி மொதல்ல நெறையுதோ அதுல ஏறிருவீங்களா... ஆமா, ஆமா, எனக்கெங்க தெரியும்... அப்ப காலையில போன வண்டி?... வினோத்குமார் வண்டியா? அது எங்க?... உங்களுக்கு முன்னாடியே மலையெறங்கிருச்சா? எவ்வளவு நேரமாச்சு?...

பத்து நிமிசம்...

அவருக்குப் போன் போடச் சொல்லுங்க... ஓட்டுறப்ப எடுக்க மாட்டாரா? சரி, அதுல யாரு யாரு ஏறுனது? உங்ககிட்ட நம்பர் இருக்கிறவங்களாச் சொல்லுங்க...

யாரு?... மகாராணியா?...

இருங்க, சத்தமாச் சொல்லாதீங்க. அவ மகளும் இங்கதான் இருக்கா. ரெண்டும் சேந்துதானே வீட்டுக்குப் போகுங்க. என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறா...

போதும், என்கிட்ட பேசிக்கிட்டு இருக்காதீங்க. வைங்க. வச்சுட்டு மகாராணிக்குப் போடுங்க, வெரசா.