மூன்றாவது கண்ணாடிப் பெட்டி

நல்லம்பள்ளி தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த இளைஞர், பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

"எட்டு நாளா வேற யாரோ பெத்த கொழந்தைகிட்டப் பேசிட்டு இருந்திருக்கேனுங்க."

"அதெப்படிங்க தம்பி?"

"எம்புள்ள கொறமாசத்துல பொறந்துட்டானுங்க. பெரிய ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பொட்டிக்குள்ள, பல்பு வெளிச்சத்துல வெச்சிருக்காங்க. உள்ள வுட மாட்டாங்க, சன்னல் வழியாத்தான் பாக்கணும். மூணாவது பொட்டின்னு நர்சம்மா சொன்னாங்க. அவங்க கதவுப் பக்கமிருந்து எண்ணியிருக்காங்க, நான் மறு கோடியிலிருந்து எண்ணிட்டேன். நேத்துத்தான் தெரிஞ்சுது."

"அப்படி என்னதான் பேசுவீங்க?"

"வூட்டுச் சேதிதானுங்க. மாடு கன்னு போட்டுச்சு, ராகி கருது வந்துருச்சு, அப்படி. நான் பேசினா அது காலை ஆட்டுமுங்க."

"தெரிஞ்சப்புறம்?"

"எம்புள்ளகிட்ட எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொன்னேன்."

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "அந்தக் கொழந்தை?"

"அதோட அம்மா இன்னும் கண்ணு முழிக்கலைங்க. அப்பன் பெங்களூருல கட்டட வேலை. தந்தி குடுத்தும் ஆளைக் காணோம். அதைப் பாக்க வந்தது நான் ஒருத்தன்தானுங்க."

பஸ் தொப்பூர் இறக்கத்தில் மெதுவாக இறங்கியது. மலை முழுக்க மேகம்.

"இன்னைக்கு என்ன சொல்லுவீங்க?"

"நம்மூர்ல மழைன்னுதானுங்க." ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி, கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டார். "நடுவுல நின்னு கொஞ்சம் சத்தமாச் சொன்னா, ரெண்டு பேருக்கும் கேக்கும்."