சத்தமாகப் படிக்காதே

அன்று ஆண்கள் வார்டில், திரைக்கு உள்ளே இருந்தவர்கள்: பெரியப்பா, அவருடைய தம்பி மகளான நர்சிங் மாணவி, பிறகு வந்த வார்டு சிஸ்டர். திரைக்கு வெளியே பக்கத்துக் கட்டில்காரர், உறக்கத்தில். வேறு ஆள் இருந்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

பெரியப்பா: ...அதான் கேக்கறேன், வாய்விட்டுத்தான் படிக்கணுமா?

மாணவி: ஆமா பெரியப்பா. மனசுக்குள்ள படிச்சா எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. எனக்கு டிஸ்லெக்சியா இருக்குன்னு சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்.

பெரியப்பா: சொல்லிட்டியா! யாரைக் கேட்டுச் சொன்னே? நம்ம குடும்பத்துல எவனுக்கும் அந்த... லட்சுமியா கிடையாது.

மாணவி: டிஸ்லெக்சியா.

பெரியப்பா: எந்த லட்சுமியும் கிடையாது!

மாணவி: அவங்க திட்டவே இல்ல. இந்த மஞ்சள் கண்ணாடித்தாள் குடுத்தாங்க. மேல வெச்சா வரி ஆடாம நிக்குது. விரல் வெச்சு, எழுத்துக்கூட்டி, சத்தமா படின்னாங்க. உங்களை ஆபரேஷனுக்குச் சரியா தயார் பண்ணினாத்தான் இன்னிக்கு என் பயிற்சி நோட்டுல அவங்க கையெழுத்து. இல்லேன்னா இந்த வருஷம் போச்சு.

பெரியப்பா: ஊர்ல இவ்வளவு நோயாளி இருக்க, என்னைத்தான் குடுத்தாங்களா?

மாணவி: நீங்கதான் வீட்டுல யார்கிட்டயும் சொல்லாம வந்து படுத்துட்டீங்க. சரி... கையில உள்ள பட்டியைக் காட்டுங்க. பேரு சரி. வயசு சரி. இப்ப இந்தத் தாள்ல சிகிச்சை... மூ...

பெரியப்பா: மூச்! மெதுவா!

மாணவி: மெதுவாத்தானே... மூ...

பெரியப்பா: பக்கத்துக் கட்டில்காரன் யாரு தெரியுமா? நம்ம சம்பந்தி வீட்டுக்கு அடுத்த வீடு!

மாணவி: அவர் குறட்டை விடறார்.

பெரியப்பா: அந்தக் குறட்டையில சுருதி சரியில்ல. ஒட்டுக் கேக்கறான். நீ மனசுக்குள்ளயே படி.

மாணவி: குழம்பிடும் பெரியப்பா.

பெரியப்பா: குடும்ப மானத்துக்காகக் கொஞ்சம் குழம்பு!

மாணவி: சரி... முழ... முழங்காலா?

பெரியப்பா: அதேதான்! முழங்கால்! கெட்டிக்காரி! உலகத்துலேயே கௌரவமான இடம். நல்லா உரக்கச் சொல்லு!

மாணவி: வேட்டியைத் தூக்குங்க, மருந்து வெச்சுத் துடைக்கறேன்... அய்யோ, என்ன சிரிப்பு?

பெரியப்பா: கூசுது... நீ தொடை... தொடை...

மாணவி: தொடையா, முழங்காலா?

பெரியப்பா: துடைன்னு சொல்ல வந்தேன்டி!

மாணவி: இருங்க. முழங்கால்னா வலதா, இடதான்னு எழுதியிருக்கணும். இதுல இல்லையே.

பெரியப்பா: டாக்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

மாணவி: எனக்கு ஒண்ணு இல்ல. அந்தத் தாளை மறைக்காதீங்க... கையை எடுங்க பெரியப்பா!

பெரியப்பா: மாட்டேன்.

மாணவி: தப்பா அனுப்பினா கத்தி உங்க மேல. பழி என் மேல.

பெரியப்பா: இதோ, தாள் மேலயே உக்காந்துட்டேன். இப்ப எடு பாக்கலாம்!

சிஸ்டர்: என்னம்மா, உள்ளே கபடியா? நீ முழங்காலைத் துடைக்கறதா பக்கத்துக் கட்டில்காரர் வெளியே வந்து சொல்றார்.

பெரியப்பா: பாத்தியா, சுருதி!

சிஸ்டர்: "படிக்கவே தெரியாத பொண்ணை எப்படி நர்ஸா விட்டாங்க"ன்னு வார்டு முழுக்கப் பேச்சு. நீ சொல்லும்மா. சத்தமா படிச்சியா, இல்லையா?

மாணவி: அது... சிஸ்டர்... நான்...

சிஸ்டர்: பெரியவர் ஏன் தாள் மேல உக்காந்திருக்கார்?

மாணவி: அவர்... வந்து... வீட்டு விஷயம்...

சிஸ்டர்: அப்ப நான் கையெழுத்துப் போட முடியாது.

பெரியப்பா: சிஸ்டர், அந்தத் திரையை விலக்குங்க. நல்லா விலக்குங்க. எல்லாரும் கேட்டுக்குங்க... யோவ் பக்கத்துக் கட்டிலு, நீயும்தான்! எங்க வீட்டுப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாதுங்கறது பொய். படிக்க விடாம வாயை அடைச்சவன் நான். முழங்காலுக்குத் தலையாட்டினவனும் நான். எனக்கு முழங்கால் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. எனக்கு மூலம். மூ... ல... ம்!