கடைசி இருபது செகண்டு

டீ பொறவு குடிக்கலாம் தங்கச்சி. மொதல்ல நான் போட்ட விடுகதைக்குப் பதில் சொல்லுங்க. அடுப்படியில இருக்கையில சும்மா கெடக்கும், வெயிலக் கண்டா தீயாகும். அது என்ன?

தீக்குச்சியா? நம்ம பக்கத்துல யாரக் கேட்டாலும் தீக்குச்சின்னுதான் சொல்லுவாவ. இல்ல. யோசிங்க. இது என் மக எனக்குப் போட்ட விடுகதை. போன வெள்ளிக்கெழம போட்டா. நானும் இன்னும் பதில் சொல்லல.

ஒங்கள எனக்கு நல்லாத் தெரியும். ஒங்களுக்குத்தான் என்னத் தெரியாது. இந்த அடுப்படி, அந்தப் பச்ச டப்பா, சன்னல்ல தொங்குத செடி, எல்லாம் போன்ல பாத்ததுதான். கழுகுமலையில எறங்கி, அழகுக்குறிப்பு வீடியோ போடுத ஜெயப்பிரியா வீடு எதுன்னேன். பூக்காரம்மா உடனே கைய நீட்டிட்டாவ. எங்க தெருவுல ஒங்க வீடியோவப் பாத்துட்டு பாலுக்கு ஒற குத்தக்கூட தயிர் மிச்சம் இருக்காது, எல்லாம் மூஞ்சியிலதான் கெடக்கும். நான் செல்வலட்சுமி. இங்கன இருந்து நாலாவது ஸ்டாப்பு எங்க ஊரு. மானாவாரி வெவசாயம்.

இந்தாங்க, போட்டோ. கையில வாங்கியே பாருங்க. எம் மக பாண்டிச்செல்வி. ஆறாங்கிளாசு படிக்கா.

ஆமா, மொகந்தான். நெத்தியும் ரெண்டு கன்னமும். மொத நாள் செவந்துச்சு. ரெண்டாம் நாள் கொப்புளம். இப்பத் தோலு உரிஞ்சு கரேல்னு திட்டுத் திட்டாக் கெடக்கு. கோவில்பட்டியில தோல் டாக்டர்கிட்ட காட்டினோம். எலுமிச்சம்பழச் சாற மொகத்துல பூசிக்கிட்டு வெயில்ல இருந்தா இப்படித்தான் பொசுக்குமாம். கருப்பு மாற மாசக்கணக்காகும்னாவ. விடுகதைக்கு அதுதான் பதில். எலுமிச்சம்பழச் சாறு.

ஒக்காருங்க. ஏன் எந்திரிக்கீங்க? நான் சண்டைக்கு வரல. சண்டைக்கு வாரது எங்க வீட்டுக்காரவிய. கொத்தமல்லி மூட்டைய ஏத்திவிட்டுட்டு வண்டிய எடுத்துட்டு நேரா இங்கனதான் வாரேன்னு சொல்லியிருக்காவ. நான் முந்திப் பஸ் ஏறிட்டேன். அவிய வாரதுக்குள்ள நீங்க ஒரு வேல செய்யணும்.

ஏழு நாள்ல மொகம் வெளுக்கும்னு போட்ட அந்த வீடியோவ எடுங்க. கடலமாவு ரெண்டு கரண்டி, கஸ்தூரி மஞ்சள் ஒரு சிட்டிகை, கெட்டித்தயிர், அரை மூடி எலுமிச்சை. அதேதான். முன்னால உள்ளதெல்லாம் வேண்டாம், கடைசிக்குத் தள்ளுங்க.

கேட்டுச்சா? ராத்திரிதான் போடணும், பத்து நிமிசத்துல கழுவிறணும், வெயில் படக்கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். சொல்லியிருக்கீங்க. தெளிவாத்தான் சொல்லியிருக்கீங்க. ஆசுபத்திரி பெஞ்சில ஒக்காந்து நாப்பது தடவ கேட்டுட்டேன். மொத்தம் இருபது செகண்டு. அத வெட்டிருங்க.

நெசமாத்தான் சொல்லுதேன். அவிய வந்து நாலு சத்தம் போடுவாவ. கை நீட்டுத ஆளு இல்ல, பயப்படாதீங்க. வெயில்னு சொல்ல மறந்துட்டேன் அண்ணாச்சின்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா எறங்கிருவாவ. வேணும்னா நாளைக்குத் திருப்பிச் சேத்துக்கிடுங்க. ஆனா அவிய பாக்கையில அது இருந்துச்சுன்னா அடுத்த கேள்வி எங்க வீட்டுக்குத்தான் வரும். இம்புட்டுச் சொல்லியிருக்கே, பிள்ளைய வெயில்ல ஒக்கார வச்சது யாருன்னு.

அது எங்க வண்டியா? இல்ல. வேற வண்டி.

யாரும் ஒக்கார வைக்கல. அவளாத்தான் ஒங்க வீடியோவப் பாத்துக் கலக்கிப் போட்டுக்கிட்டா. மொட்டமாடியில மல்லி காயப் போட்டிருந்தோம். கோழி ஏறிராம காவலுக்கு இருந்தா. ஒரு மணி நேரம் இருக்கும். கண்ணச் சுத்தி மட்டும் விட்டுட்டு, காது மடல் வரைக்கும் நல்லாத் தடிமனாப் பூசியிருந்துச்சு. கழுத்துல வழிஞ்சிறாம ஒரு துண்டையும் சுத்தியிருந்துச்சு.

எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குதீங்க? பெத்தவளுக்குத் தெரியாதா?

நெறம் வேணும்னு அவளா கேட்டா? நல்ல கேள்வி. தை மாசம் எங்க கொழுந்தனுக்கு நிச்சயம் பண்ணினோம். பூத்தட்டு தூக்க இவளத்தான் நிப்பாட்டியிருந்தேன். போட்டோ எடுக்குத நேரத்துல பொண்ணு வீட்டுக்காரி ஒருத்தி வந்து, இந்தப் பிள்ள அங்கிட்டு நிக்கட்டும்னு தட்ட வாங்கி, ஒரு வெளுத்த பிள்ள கையில குடுத்துட்டா. இவ அதப் பெருசா எடுத்துக்கிடல. லட்டு திங்க ஓடிட்டா. எனக்குத்தான் அன்னைக்குச் சோறு எறங்கல. கல்யாணம் பங்குனியில. அதுக்குள்ள...

ஒண்ணுமில்ல. நீங்க வெட்டுங்க. நேரம் ஆகுது.

பொய் சொல்ல வராதா? அவளுக்கும் வர மாட்டேங்கு. அந்த அக்கா சொன்னபடி நானே போட்டேன்னு சொல்லுட்டின்னு மூணு நாளாச் சொல்லிக் குடுக்கேன். தலைய ஆட்டுதா, வாயத் தெறக்க மாட்டேங்கா. டாக்டர் கேட்டப்பயும் தரையவே பாத்துக்கிட்டு இருந்தா. நாந்தான் அவளுக்காகப் பதில் சொன்னேன். களிம்பு போடக் கிட்டப் போனா, டியூப என் கையில இருந்து வாங்கி, கண்ணாடியப் பாத்து அவளே போட்டுக்கிடுதா. எப்பயும் வளவளன்னு விடுகதை போட்டு உசுர வாங்குத பிள்ள. இந்த வாரத்துல எங்கிட்ட பேசுனது அந்த ஒண்ணுதான்.

இருங்க, போன் வருது. அவியதான். சத்தம் காட்டாதீங்க.

ம். கழுகுமலையிலதான் இருக்கேன். ஆமா, அந்த வீட்டுலதான். ம். எப்ப? ம். இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டாளா? சரி. வாரேன். வைங்க.

வெட்ட வேண்டாம் தங்கச்சி. அது அப்படியே கெடக்கட்டும். அவிய வரல.

அந்த டீயக் குடுங்க, குடிக்கேன். கீழ வைங்க, நானே எடுத்துக்கிடுதேன்.

நாந்தான் பூசிவிட்டேன். மல்லி காயுத நேரத்துல மாவும் காஞ்சிரும்னு நெனச்சேன். வத்தலு, மல்லி, உளுந்து, எங்களுக்கு எல்லாத்தையும் வெயில்ல காயவச்சுத்தான பழக்கம். எரியுதும்மான்னு மூணு தடவ படி எறங்கி வந்தா. எரிஞ்சாத்தாண்டி பிடிக்கும், போயி ஒக்காருன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்.

வண்டிய எடுக்கையில அவிய அவளக் கூப்பிட்டிருக்காவ. நீயும் வா, அந்த அக்காகிட்ட நேருக்கு நேராக் கேட்ருவோம்னு. வரலன்னாளாம். அந்த அக்கா ஒண்ணும் செய்யல, அம்மாதான் போட்டான்னு சொல்லிட்டாளாம்.