மடக்காத ஸ்டேண்ட்

— மாமா, என் தோளப் புடிக்காதீங்க. பின்னால கம்பி இருக்கு பாருங்க, அதப் புடிங்க.

— கம்பி குளுருது புள்ள.

— குளுரட்டும். நீங்க தோள இழுத்தா ஹேண்டில் ஆடுது. அப்புறம் ரெண்டு பேரும் தேயிலைக்குள்ளதான் கெடப்போம்.

— இந்தா, புடிச்சிட்டேன். மெதுவாப் போ. யோகேசு எத்தன தடவ கூப்புட்டான், ‘வாங்கப்பா, ஹட்டன் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வருவோம்’னு. ஒரு நா ஏறல. பெத்த மகன் பின்னால ஏறாதவன் இன்னைக்கி மருமவ பின்னால குந்திக்கிட்டுப் போறேன். லயத்துச் சனமே வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது.

— நிக்கட்டும். நாம கெளம்புறப்ப வேலாயி அத்த என்னமோ கத்துனாங்களே, என்னா? இந்த ஹெல்மெட்டுக்குள்ள எனக்குத் தூரத்துச் சத்தம் ஒன்னும் கேக்க மாட்டேங்குது. உங்க மகனுக்குத் தல பெருசு. எனக்குக் காது ரெண்டும் பஞ்சு வச்சு அடச்ச மாதிரி இருக்கு.

— வேலாயியா? அவ எப்பதான் கத்தல?

— கையக் கீழ காட்டிக் காட்டிக் கத்துனாங்க மாமா. திரும்பிப் பாருங்க, இன்னும் நிக்கிறாங்களா?

— இரு, பாக்குறேன். ஆமா. நிக்கிறா. கீழதான் காட்டுறா...

— எதுக்கு மாமா குனியிறீங்க? ஆடாமக் குந்துங்க!

— செருப்பு நழுவுற மாதிரி இருந்துச்சு. பாத்தேன்.

— என்னா சொல்றாங்க அவுங்க?

— அது... வந்து... ஒன் கால்சட்டயச் சொல்றா.

— டெனிமயா?

— ஆமா. ‘புருசன் இல்லாதவ கால்சட்ட மாட்டிக்கிட்டுப் பறக்குறா’ன்னு.

— சேலையக் கட்டிக்கிட்டா கியர் போடுவாங்க? இதுக்குத்தான் மாமா இந்த பைக்க விக்கிறேன்னு நிக்கிறேன். அவரு கொழும்புல டெங்கு வந்து எறந்து போயி இன்னும் வருஷம் திரும்பல. நான் பைக்க வெளிய எடுத்தா ஒரு பேச்சு. எடுக்காட்டி, ‘துருப் புடிக்க விட்டுட்டா’ன்னு ஒரு பேச்சு. இப்ப டவுனுக்குப் போயி ஹலீம் முதலாளி கையில சாவியக் குடுத்துட்டு, ஞாயித்துக்கெழம பாப்பாவக் கூட்டிக்கிட்டு வலப்பனைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிர்றேன்.

— ஞாயித்துக்கெழமயா? அடுத்த மாசம்னுல்ல சொன்ன?

— பைக்கும் போயிட்டா எனக்கு இங்க என்னா மாமா இருக்கு?

— ஒன்னும் இல்லதான். நான் இருக்கேன். அது கெடக்கு.

— உங்களையும் வாங்கன்னு எத்தன தடவ கூப்புட்டேன்.

— சம்மந்தி வீட்டுல போயி குந்திக்கிட்டுத் திங்கச் சொல்றியா? நான் இங்க செல்லசாமி வீட்டுல சாப்புட்டுக்குவேன்.

— செல்லசாமி அண்ணன் வீட்டுக் கொழம்ப, கை கழுவுன தண்ணி மாதிரி இருக்குன்னு சொன்னது யாரு?

— தண்ணியும் ஒடம்புக்கு நல்லதுதான். ஏன் புள்ள, முதலாளி பைக்க நல்லாப் பாத்துத்தான் எடுப்பாரோ?

— மகன் ஸஃப்வானுக்குக் கல்யாணத்துக்குக் குடுக்குறாராம். புதுசு மாதிரி இருக்கணும்னு சொல்லிட்டாரு. கீறல் கண்டா தொட மாட்டாராம்.

— தொடவே மாட்டாரா?

— தொட மாட்டாரு.

— சின்னக் கீறலா இருந்தா?

— மாமா, கெளம்புற வழியில நல்லதாப் பேசுங்க. முடக்கு வருது, ஒழுங்காக் குந்துங்க... ஐயோ! எதுக்கு அந்தப் பக்கம் சாயிறீங்க?

— எந்தப் பக்கம்?

— ரோடு இடது பக்கம் திரும்புது. நீங்க சோத்துக்கைப் பக்கம் விழுந்து தொங்குறீங்க. அப்ப பைக்கு எப்புடித் திரும்பும்?

— பயமா இருக்கு புள்ள.

— நான் எங்க சாயிறனோ அங்க சாயிங்க. பின்னால குந்துறவங்க மூட்ட மாதிரி இருக்கணும். கொழுந்து மூட்ட தன் பாட்டுக்கு ஒரு பக்கம் சாயுமா?

— நனஞ்ச கொழுந்துன்னா சாயும்.

— நீங்க காஞ்ச கொழுந்தா இருங்க. இந்தா, அடுத்த முடக்கு... ம், இப்ப சரி. இப்ப ஒழுங்காச் சாஞ்சீங்கல்ல?

— இது வலது பக்க முடக்கு.

— அப்ப இடது பக்கம் மட்டும் சாய வராதா உங்களுக்கு?

— பொறந்ததுல இருந்து எனக்கு இடுப்பு ஒரு பக்கந்தான் வளையும்.

— மாமா, மேல மலையில கொழுந்து எடுக்குறவங்கல்லாம் எட்டிப் பாக்குறாங்க. எல்லாரும் கைய ஆட்டுறாங்களே, என்னா சொல்றாங்க?

— அதுவா... ‘மாமனாரும் மருமவளும் ஊர்கோலம் போறாங்க’ன்னு சிரிக்கிறாளுக. ஏய்! வேலயப் பாருங்கடி! கண்டாக்கையாகிட்ட சொல்லி இன்னைக்கி அரப் பேருதான், அரநாள் சம்பளந்தான் போட வைப்பேன், பாத்துக்கங்க!

— நல்லாக் குடுத்தீங்க. பாத்தீங்களா மாமா, ஒரு மைல் போறதுக்குள்ள எத்தன பேச்சு? ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் இருக்க மாட்டேன். நாளைக்கே வலப்பனைக்குப் போயிர்றேன்.

— நாளைக்கா?

— நாளைக்குத்தான். காலையில மொத பஸ்ஸுல.

— இரு இரு. ஒருத்திதான் புள்ள அப்புடிச் சொன்னா. மத்தவளுக எல்லாம் நல்லாத்தான் சொன்னாளுக.

— என்னா நல்லா?

— ‘நம்ம கிருஷாந்தி எம்புட்டு ஜோரா ஓட்டுது பாருங்கடி’ன்னு.

— அதுக்கா அரப் பேரு போடுவேன்னீங்க?

— வேல நேரத்துல நல்லது பேசுனாலும் தப்புத்தானே?

— என்னமோ சொல்றீங்க. எதுக்கால மரக்கறி லொறி ஒன்னு லைட்ட அடிக்கிது. கீழ பொலிஸ் நிக்கிதோ?

— பொலிஸும் இல்ல ஒன்னும் இல்ல. வணக்கம் வைக்கிறாரு.

— டிரைவர் தலைய வெளிய நீட்டிக் காலத் தட்டித் தட்டிக் காட்டுறாரு மாமா!

— கால் வலி போல. இந்த மலையில ஏறி எறங்கி கிளச்ச மிதிச்சா யாருக்குத்தான் வலிக்காது?

— அத எதுக்கு என்கிட்ட காட்டுறாரு?

— யாருகிட்டயாவது சொன்னா மனசுக்கு ஒரு ஆறுதல்.

— இப்ப பின்னால திரிவீல் ஒன்னு ஹோன் அடிச்சுக்கிட்டே வருது. போகட்டும், எடம் விடுறேன்... சிங்களத்துல என்னமோ சத்தம் போட்டுட்டுப் போறாரு. உங்களுக்குக் கேட்டுச்சா?

— கேட்டுச்சே. ‘ஹொந்தட்ட யனவா நங்கி’ங்கிறாரு. நல்லாப் போறியாம் தங்கச்சி.

— பல்லக் கடிச்சுக்கிட்டா அதச் சொல்லுவாங்க?

— வாய் நெறய வெத்தல. தொறந்தாக் கொட்டிரும்ல?

— இன்னைக்கி எல்லாருக்கும் என்னமோ ஆயிருச்சு. ஐயோ மாமா, அங்க பாருங்க, அந்த முடக்குல! வேலாயி அத்த!

— எங்க?

— அவுங்கள லயத்துலல்ல விட்டுட்டு வந்தோம்? நமக்கு முன்னால எப்புடி வந்து நிக்கிறாங்க?

— குறுக்குல எறங்கியிருப்பா. நாம ரோட்டுல சுத்திச் சுத்தி வர்றோம். அவ தேயிலைக்குள்ள நேரா எறங்கிட்டா.

— சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஒத்தச் செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு ஆட்டுறாங்க. அடிக்க வந்திருக்காங்க மாமா!

— நிப்பாட்டாத. போ, போ, போ! ...அப்பாடி.

— என்னா கத்துனாங்க?

— ஒன்னய வழியனுப்ப வந்திருக்கா.

— செருப்பக் காட்டியா?

— அவசரத்துல கைக்கு வேற ஒன்னும் ஆப்புடல போல.

— போன மாசம் பீலியில தண்ணி புடிக்கிறப்ப, ‘யோகேசு இருந்தப்ப கூட இவ இம்புட்டுச் சிரிச்சதில்ல’ன்னு நான் கேக்கச் சொன்னவங்க மாமா அவுங்க. அன்னைக்கி முழுக்க நான் சாப்புடல. அவுங்களா என்னய வழியனுப்புவாங்க?

— அவ வாயி வேற, மனசு வேற.

— மாமா... கீழ பாருங்க. மறுபடியும் குறுக்குல எறங்குறாங்க. தேயிலைக்கு மேல தல மட்டும் தெரியிது. விழுந்து எந்திரிக்கிறாங்க!

— அவளுக்கு வேற வேல இல்ல. நீ ரோட்டப் பாரு.

— முட்டி வலின்னு பெரட்டுக்கே வழியில ரெண்டு எடத்துல குந்திட்டுப் போறவங்க. காலையில பேரு குடுக்கப் போறதுக்கே அம்புட்டு நேரம். இப்ப எனக்காக மலையில குதிச்சு எறங்குறாங்களே.

— ம்.

— நான்தான் எல்லாரையும் தப்பா நெனச்சுக்கிட்டு இருக்கேனா மாமா?

— தப்பாத்தான் நெனச்சிட்ட. இந்தத் தோட்டத்துல ஒனக்கு ஒருத்தரும் கெட்டது நெனைக்கல. பேசுவாங்க. ஒன்னய மட்டுமா பேசுறாங்க? என் பல்லு விழுந்தத ஒரு வாரம் பேசுனாங்க. போகாதன்னு நான் சொன்னா நீ எங்க கேக்குற?

— போகாதன்னு நீங்க எப்ப சொன்னீங்க?

— இப்ப சொன்னேன்ல?

— இப்பதான் சொல்றீங்க. சரி, அத அப்புறம் பேசுவோம். இம்புட்டுத் தூரம் ஓடி வந்தவங்ககிட்ட ஒரு வார்த்த பேசாமப் போகக் கூடாது. அந்தா, அடுத்த முடக்குல ஏறி நிக்கிறாங்க. நிப்பாட்டப் போறேன்.

— வேணாம் புள்ள! இங்க நிப்பாட்டாத!

— இடது பக்கமா ஓரங்கட்டுறேன். இந்த ஒரு தடவையாச்சும் என்கூடச் சாயிங்க மாமா. கெஞ்சிக் கேக்குறேன். ஆளு முன்னால மானத்த வாங்காதீங்க.

— நான் சொல்றதக் கேளு, நேரா ஓட்டிக்கிட்டே—

— சாயிங்க!

— சரி தாயி. நீயே சொல்லிட்ட. சாயிறேன். மாரியாத்தா, நீதான் புடிச்சுக்கணும்!

— எதுக்கு இப்ப மாரியாத்—

— ஐயோ! ஐயோ! ஏண்டி கிருஷாந்தி! பழனியாண்டி அண்ணே! உசுரு இருக்கா ரெண்டு பேருக்கும்?

— எனக்கு இருக்கு வேலாயி அத்த. தேயிலைச் செடி மேல குந்தியிருக்கேன். மாமா எங்க?

— தண்ணி ஓடுற கானுக்குள்ள கெடக்காரு. அண்ணே! எங்கயும் அடி பட்டுச்சா?

— அடி ஒன்னும் இல்ல வேலாயி. ஆனா கண்ணு போயிருச்சு. ஒரே இருட்டா இருக்கு.

— ஹெல்மெட்டு பின்னால திரும்பிருச்சுண்ணே! முன்னால திருப்புங்க! ஏண்டி ஆத்தா, ‘ஸ்டேண்டு, ஸ்டேண்டு’ன்னு தொண்ட கிழியக் கத்துறேன், பறந்துக்கிட்டே இருக்கியே!

— ஸ்டேண்டா?

— பின்ன வேற என்னத்தக் கத்துனேன்? ஸ்டேண்டத் தொங்கப் போட்டுக்கிட்டு மலையில எறங்குற! மேல மலையில கொழுந்துக்காரிங்க அத்தன பேரும் கத்துனாளுக. லொறிக்காரன் என்கிட்ட நிப்பாட்டி, ‘அந்தத் தங்கச்சிக்குச் சொல்லுங்கம்மா’ன்னு சொல்லிட்டுப் போறான்.

— அப்ப... செருப்ப எதுக்கு அத்த ஆட்டுனீங்க?

— ஸ்டேண்டு எப்புடித் தொங்குதுன்னு செஞ்சு காட்டுனேன்டி!

— ‘புருசன் இல்லாதவ கால்சட்ட மாட்டிக்கிட்டுப் பறக்குறா’ன்னு சொல்லலயா நீங்க?

— இன்னைக்கிச் சொல்லல. சொல்லணும்னா ஒன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன், எனக்கு என்னா பயம்? அதுக்காக நீ விழுந்து கெடக்குறத வேடிக்க பாப்பேனா? யோகேச இந்தக் கையால தூக்கி வளத்தேன்டி. அவன் பொண்டாட்டிய ரோட்டுல விட்டுருவேனா? ஆமா, தெனம் ஓட்டுறவ, ஸ்டேண்டத் தூக்க எப்புடி மறந்த?

— அவரு இருந்தப்ப நான் ஏறிக் குந்துனதும் அவருதான் பக்கத்துல நின்னு காலால தட்டி விடுவாரு. அவரு போனதுக்கப்புறம் நானே பழகிட்டேன். இன்னைக்கிக் கடைசித் தடவன்னு நெனச்சுக்கிட்டே ஏறுனனா... கண்ணு மறச்சிருச்சு அத்த.

— சரி, அழுவாத. நீ மறந்த, அது நாயம். இந்த மனுசனுக்கு என்னா கேடு? நான் மொதல்ல கத்துனப்பவே குனிஞ்சு ஸ்டேண்டப் பாத்தாருல்ல? பாத்துட்டு என்னயத் திரும்பிப் பாத்து, வாயில வெரல வச்சு ‘கத்தாத’ன்னு காட்டுறாரு! ஆளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னுதான் நான் குறுக்குல ஓடியாந்தேன்.

— மாமா?

— ம்.

— உங்களுக்குத் தெரியுமா?

— பைக்கு ரொம்ப ஒடஞ்சிருச்சா புள்ள?

— ஒரு பக்கம் பூராக் கீறல். முன் லைட்டு போச்சு. கிளச்சுக் கம்பி வளஞ்சிருச்சு. ஹலீம் முதலாளி இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இடது பக்கம் திரும்புறப்ப எல்லாம் நீங்க அந்தப் பக்கம் சாஞ்சது?

— ஸ்டேண்டு தரையில முட்டி, ஒனக்கு அடி பட்டுருமேன்னு.

— அம்புட்டுப் பயம் இருந்தவரு, வாயத் தொறந்து ஸ்டேண்டு கீழ இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மாமா?

— சொன்னா நீ அதத் தூக்கி விட்டுட்டுப் போயிருவியே தாயி.