பேரல் இல்லாத பிரேம் குறித்து சின்னப்பராஜ் எழுதிக் கொடுத்தது

பெயர் சின்னப்பராஜ், தகப்பனார் சவரிமுத்து, வயது நாற்பத்தாறு, படிப்பு எட்டாவது பாஸ், ஒன்பதாவது பாதி, தொழில் பாலக்கோட்டில் லேத் பட்டறையில் டர்னர் வேலை, குடியிருப்பு மாரண்டஹள்ளி அருகில் ஏரிக்கரை கொட்டாய். இன்று 17-12-84 திங்கட்கிழமை நிலையத்தில் ஆஜராகி, ஏட்டு காளியப்பன் ஐயா முன்னிலையில் என் கைப்பட எழுதுவது.

நேற்று ஞாயிறு காலை பத்தரை மணி சுமாருக்கு போலீசார் ஜீப்பில் வந்து, மாடியில் இருந்த என்னை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். நான் கையைத் தூக்கினேன், லுங்கி இறங்கிவிட்டது. உள்ளே காக்கி டவுசர் இருந்தபடியால் மானம் பாதி தப்பியது. எடுத்துக் கட்டட்டுமா என்று கேட்டதற்கு அசையாதே என்றார்கள். கொட்டாய் ஜனம் பூராவும் பார்த்தது. இதை ஏன் எழுதுகிறாய் என்று ஏட்டு ஐயா கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னதால் எழுதினேன். அவர் முதலில் இருந்து எழுது என்றதால் இனி அப்படியே எழுதுகிறேன்.

என்னிடம் பாயிண்ட் இருபத்திரண்டு ரைபிள் ஒன்று உண்டு. லைசென்ஸ் என் தகப்பனாருக்குப் பிறகு என் பெயருக்கு மாறியது. அவர் பன்றி விரட்ட வைத்திருந்தார், எனக்கு விரட்ட நிலம் இல்லாததால் சேலத்தில் ரைபிள் கிளப்பில் சேர்ந்து காகித அட்டையைச் சுட்டு வருகிறேன். ஏழு வருடமாகப் போட்டிக்குப் போகிறேன், ஒரு தடவை மூன்றாவதாக வந்தேன், அன்று வந்தவர்களே நாலு பேர். தோற்பதற்கு என் கண் காரணம் என்று என் மனைவி புஷ்பமேரி சொல்வாள், துப்பாக்கியின் மரக்கட்டை காரணம் என்று நான் சொல்வேன். மழைக்காலத்தில் கட்டை ஊறி உப்பி, குண்டு போகும் பேரலை நெருக்கும், ஒரே இடத்தில் குறி வைத்தாலும் குண்டு இடம் மாறி விழும். ஆகவே பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி அனுமதியோடு அலுமினியத்தில் ஒரு பிரேம் கடைந்தேன். துப்பாக்கியின் மரத்தைக் கழற்றிவிட்டு பேரலோடு இரும்பை மட்டும் எடுத்து அந்தப் பிரேமில் வைத்து இரண்டு ஸ்குரூ முடுக்கினால் ஆயிற்று. கட்டிலுக்குக் கால் கடைகிறாயா என்று பட்டறையில் எல்லோரும் கேட்டார்கள். அதன் பிறகு பெங்களூரில் பழைய சாமான் கடையில் ஒரு ஸ்கோப் வாங்கினேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும், நடுவில் சிலுவை மாதிரி இரண்டு கம்பி தெரியும். லைசென்ஸ் துப்பாக்கியின் உடம்பில் ஓட்டை போடப் பயந்து, பிரேமிலேயே கை மாதிரி ஒரு தாங்கி வைத்து ஸ்கோப்பை அதில் மாட்டினேன்.

அதன் பிறகு எலக்‌ஷன் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆர்டர் வந்ததும், 3-12-84 அன்று ஒப்படைத்து ரசீது வாங்கினேன். இங்கேதான் நான் புத்திசாலித்தனம் பண்ணினேன். லைசென்ஸ் புத்தகத்தில் மரக்கட்டை உள்ளது என்று எழுதியிருக்கிறது. பிரேமோடு கொண்டுவந்தால் ஐயாமார்களுக்குச் சந்தேகம் வருமே என்று, இரும்பைக் கழற்றி பழைய மரத்திலேயே பூட்டிக் கொடுத்துவிட்டு, பிரேமையும் ஸ்கோப்பையும் வீட்டில் வைத்துக்கொண்டேன். சந்தேகம் வரக்கூடாது என்று செய்ததுதான் இப்போது சந்தேகமாக வந்து நிற்கிறது.

பக்கத்து நிலத்துக்காரர் அர்ச்சுனனுக்கும் எனக்கும் உள்ள விரோதத்தையும் எழுதச் சொன்னார்கள். நான் வீட்டில் குண்டு போடாமல் சும்மா துப்பாக்கி போல்ட்டை இழுத்துப் பழகும் சத்தத்தில் அவர் மாடு பால் மறந்துவிட்டது என்று நாலு வருடமாகச் சொல்லி வருகிறார். போன மாதம் 19ஆம் தேதி, நாங்கள் பஸ்ஸுக்குப் போகும் வண்டித்தடம் தன் பட்டாவில் வருகிறது என்று முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். அதன் பிறகு என் மகள் வேளாங்கண்ணி வாய்க்கால் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அவள் பாலக்கோட்டில் டைப்ரைட்டிங் படிக்கிறாள். 22ஆம் தேதி காலை வாய்க்காலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்தது. அந்த வாரம் லோயர் பரீட்சை. கட்டோடு போய் ஹாலில் உட்கார்ந்துவிட்டு ஒரு கையால் இரண்டு வரி அடித்து எழுந்து வந்துவிட்டாள். நான் போய்க் கேட்டதற்கு அர்ச்சுனன், "துப்பாக்கி வச்சிருக்கறவன் பொண்ணுக்கு வழி எதுக்குடா, பறந்து போவச் சொல்லு" என்றார். அவர் சம்சாரம் ராணியம்மாள் மட்டும் உள்ளே இருந்து, "சும்மா இருங்க, புள்ள கை ஒடிஞ்சி கெடக்குது" என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்று பூசை முடிந்து வந்து, ஜனவரி போட்டிக்காகப் ஸ்கோப்பைப் பிடிக்கப் புதிதாகக் கடைந்த வளையங்களில் அது அசைகிறதா என்று பார்க்க, பிரேமை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் குப்புறப் படுத்துப் பார்த்தேன். கறுப்பு பெயிண்ட் அடித்திருந்ததால் தூரத்தில் இருந்து பார்த்தால் துப்பாக்கி மாதிரியே இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அர்ச்சுனன் பார்த்துவிட்டு மாரண்டஹள்ளிக்கு சைக்கிளில் போய், சின்னப்பராஜ் எலக்‌ஷன் நேரத்தில் கள்ளத் துப்பாக்கி வைத்துத் தன்னைச் சுடப் பார்க்கிறான் என்று புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று காலை நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஐயா பிரேமை மேசையில் வைத்து, "பேரல் எங்கடா?" என்று கேட்டார்.

"உங்ககிட்டயேதாங்க இருக்குது" என்றேன்.

"நக்கலா?"

"இல்லீங்க, ரசீது இருக்குதுங்க."

இது ரெண்டாவது துப்பாக்கி, பேரலைக் கிணற்றில் போட்டிருப்பான், இவனை ஜெயிலுக்கு அனுப்பினால்தான் சரிப்படும் என்றார். வெளியே பெஞ்சில் இருந்த அர்ச்சுனன், "காட்டுல இருக்கற கும்பலுக்குச் செஞ்சி குடுக்கறானுங்க, மொதலாளிக்கே தெரியும்" என்று சொன்னார். பட்டறைக்கு ஆள் அனுப்பி முதலாளியைக் கூட்டிவந்தார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல், கட்டில் கால் என்றுதான் நினைத்தேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கேஸ் ஆனால் வேலைக்கு வராதே என்பதையும் வாசலில் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

அதன் பிறகு ஏட்டு ஐயா ரசீது நம்பரைப் பார்த்து என் துப்பாக்கியை அறையில் இருந்து எடுத்துவந்தார். எல்லோர் முன்னிலையிலும் நான் மரத்தைக் கழற்றி இரும்பைப் பிரேமில் வைத்தேன். ஸ்குரூ இரண்டு தடவை கீழே விழுந்தது, மூன்றாவது தடவை ஏட்டு ஐயாவே பொறுக்கிக் கொடுத்தார். முடுக்கியதும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. பேரல் நம்பரும் லைசென்ஸ் நம்பரும் ஒன்றாக இருந்தன. இருப்பது ஒரு துப்பாக்கிதான் என்று இன்ஸ்பெக்டர் ஐயா ஒப்புக்கொண்டார், ஆனால் முகம் மாறவில்லை.

"சரி, அவன் வூட்டுப் பக்கம் எதுக்கு நீட்டின?"

அவர் வீட்டுச் சுவரில் எலக்‌ஷன் விளம்பரம் எழுதியிருக்கிறது, பெரிய எழுத்தும் பொடி எழுத்தும் இருப்பதால் ஸ்கோப் தெளிவாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்தேன் என்றேன். என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். முழுதும் சொன்னேன், அடியில் அச்சகத்துக்காரர் மாதிரி பெயிண்டர் போட்டிருந்த பெயரையும் சொன்னேன். ஆள் அனுப்பிச் சரிபார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லீங்க என்றேன்.

மேலே எழுதியவற்றை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அடித்து வாங்கவில்லை, நானே எழுதி நானே ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன், பொய் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) ச. சின்னப்பராஜ்

கையெழுத்துக்குக் கீழே காலி இடம் விடக்கூடாது, பிறகு வேறு யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள், கோடு போட்டுவிடு என்று ஏட்டு ஐயா சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்திலும் நான் பெரியதைக் கடைசிக்குத்தான் வைப்பேன்.

விளம்பரத்தைப் படித்தது நிஜம். படித்து முடித்த பிறகு அர்ச்சுனன் கையில் தவிட்டுக் கூடையோடு மாட்டுக்கு வந்தார். சிலுவைக் கம்பி அவர் சட்டையின் மேல் பொத்தானில் நின்றது. போட்டியில் செய்கிற மாதிரி மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசை இருக்க வேண்டிய ஓட்டையில் விரலை விட்டு மெதுவாக இழுத்தேன். பேரல் இந்த நிலையத்து அறையில் இருக்கிறது என்பது அப்போது எனக்கு ஞாபகம் இல்லை.