கடைக்கு அனுப்பிய இறப்புச் சான்றிதழ்

வாக்குமூலம் கொடுப்பவர்: பெண், வயது 51. பெயர், கதவு எண், தெரு ஆகியவை தனித்தாளில் எழுதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தொழில்: பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முதுநிலை எழுத்தர். இவ்வழக்கில் கைதாகியுள்ள கணினி பழுது பார்ப்பவருக்கு அண்ணி முறை.

நான் மேற்கண்ட முகவரியில் இரண்டாம் மாடியில் வாடகைக்குத் தனியாகக் குடியிருக்கிறேன். இருபத்து நான்கு வருடங்களாக இறப்புச் சான்றிதழ் மேஜையில் வேலை பார்க்கிறேன். ஒருவர் இறந்தால் எங்கெங்கே தெரிவிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நானே ஒரு பட்டியல் எழுதிக் கொடுப்பேன். வங்கி, மின்சார அலுவலகம், தொலைபேசி நிறுவனம், நூலகம் வரை அதில் இருக்கும். இறந்தவர் பெயரில் எதையும் அனுபவிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவேன். இந்தப் பழக்கத்தால்தான் எல்லாம் நடந்தது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

என் கணவர் பதினாறு வருடம் கணினி விளையாட்டு டிஸ்க் விற்கும் கடை வைத்திருந்தார். கடையின் ஒரு மூலையில் அவர் தம்பி, அதாவது என் கொழுந்தன், கணினி பழுது பார்த்து வந்தான். சின்ன வயதிலிருந்தே அவனை அப்படிச் சொல்லிப் பழகிவிட்டதால் இங்கும் அவன் என்றே சொல்கிறேன். எந்நேரமும் சட்டைப்பையில் திருப்புளி இருப்பதால் வீட்டில் அவனுக்குத் திருப்புளி என்றே பெயர். எதிர்ச் சாரியில் ஒருவர் அதே விளையாட்டுகளைத் திருட்டு நகல் எடுத்து விற்க ஆரம்பித்த பிறகு எங்கள் கடையில் கூட்டம் குறைந்தது. அதன் பின்பு இணையத்திலேயே விளையாட்டு விற்கும் கடை வந்ததும் மிச்சம் இருந்தவர்களும் வருவது நின்று, கடையை மூடினோம். திருட்டு டிஸ்க் என் வாசற்படி ஏறக் கூடாது என்று அவர் சொல்வார். அது கடைசி வரை ஏறவில்லை.

கடை மூடிய மூன்றாம் வருடம் அவருக்குத் தசை நலிவு நோய் என்று மருத்துவர் சொன்னார். முதலில் கால், அதன் பின்பு தோள், அதன் பின்பு இடக்கை என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. நான்கு வருடம் படுக்கையில் இருந்தார். கடைசியில் வலக்கையில் இரண்டு விரல்கள் மட்டும் அவர் சொன்னதைக் கேட்டன.

தன் பிழைப்பைக் கெடுத்த அந்த இணையக் கடையில்தான் அவர் விளையாட்டுகள் வாங்கினார். இதை நியாயமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வெளியே போக முடியாத மனிதருக்கு அந்தக் கடை படுக்கைக்கே வந்தது. ஒரு முறை கணினி புகைந்து போய்ப் புதியது வாங்கியபோது, அவர் வாங்கிய நாற்பத்து மூன்று விளையாட்டுகளையும் பேர் சொன்ன மாத்திரத்தில் திருப்பிக் கொடுத்தது. எங்கள் கடையில் டிஸ்க் கீறிப்போனது என்று வந்தவர்களுக்கு நாங்கள் அப்படிக் கொடுத்ததில்லை. வாங்கியவரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி அவர்கள் போட்டிருக்கும் பூட்டையும் அவர் குறை சொல்ல மாட்டார். பூட்டு இல்லாத கடையை நானே நடத்திப் பார்த்தாயிற்று என்பார்.

கடைசி வருடம் முழுவதும் அவர் ஒரே விளையாட்டைத்தான் ஆடினார். அதில் சண்டை இல்லை. ஒரு மலைச்சரிவில் வீடு கட்டி, தோட்டம் போட்டு, அதற்குள் நடந்து திரியலாம். அதை உருவாக்கியவர்கள் மொத்தம் நான்கே பேர். திறக்கும்போது அவர்கள் பெயர்கள் வரும், அவர் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுப் படிப்பார். நாங்கள் கட்ட வேண்டும் என்று பேசிப் பேசிக் கட்டாமலே விட்ட வீட்டை அவர் அதில் இரண்டு விரலால் கட்டினார். கீழே மூன்று அறை, மேலே இரண்டு அறை, கிழக்கு பார்த்த சமையலறை ஜன்னல்.

இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த வீட்டுக்குள் நடக்கக் கற்றுக்கொடுத்தார். நான் சுவரில் முட்டிக்கொண்டே நடந்தேன், அவர் சிரித்தார். அதன் பின்பு அவர், "வீட்டுல அங்கங்க முப்பது பலகை எழுதி வெச்சிருக்கேன். நான் போனப்புறம் தேடிப் படி. ஒரே நாள்ல படிச்சிடாத"ன்னு சொன்னார். விசாரணை அதிகாரி 'என்று சொன்னார்' என எழுதியிருந்ததைத் திருத்தி, நான் சொன்னபடியே எழுதக் கேட்டுக்கொண்டேன்.

அவர் இறந்த முப்பத்தைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் பலகையைப் படித்தேன். வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். மேலும் ஒன்று கண்ணில் பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். சமையலறைப் பலகையில், "இந்த ஜன்னலுக்கு வீட்டுக்காரர்கிட்ட அனுமதி கேக்க வேண்டியதில்ல" என்று இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், "இங்கல்லாம் தேடுவேன்னு தெரியும். இங்க ஒண்ணும் இல்ல, போ" என்று இருந்தது. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் சிரித்த முகமாக இருந்ததாகப் பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். அப்படிப் பதினோரு ஞாயிறுகள் பதினோரு பலகைகள் படித்தேன்.

இணையக் கடையைத் திறக்கும்போதெல்லாம் அவர் பெயரைப் போட்டு, மீண்டும் வருக என்று வரும். பன்னிரண்டாம் வாரம் அவர் பிறந்த நாள் வந்தது, கடை அவருக்கு வாழ்த்து அனுப்பியது. இறந்தவர் பெயரில் நான் நுழைந்து கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்கு உறுத்தியது. தகப்பனார் பெயரில் இருந்த நூலக அட்டையை மறைத்து வைத்திருந்த ஒருவரை அதே வாரம்தான் நான் அலுவலகத்தில் வைத்துக் கடிந்திருந்தேன். ஆகவே முறைப்படி கடைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். கணக்கை என் பெயருக்கு மாற்றித் தருமாறு கேட்டு, நானே முத்திரை போட்ட இறப்புச் சான்றிதழை இணைத்து அனுப்பினேன்.

நான்காம் நாள் பதில் வந்தது. தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், விற்கப்படுவது பொருள் அல்ல, அதை ஆடும் அனுமதி மட்டுமே, அந்த அனுமதி பெற்றவரின் ஆயுளோடு முடிகிறது, தாங்கள் தெரிவித்தபடி கணக்கு மூடப்பட்டது என்று இருந்தது. கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அப்படிப்பட்ட கடிதங்களை நானே நிறைய எழுதியிருக்கிறேன். மூன்று மேல்முறையீடு அனுப்பினேன். மூன்றாவதற்கு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டுப் பதில் வந்தது. வீடு என் கணினியிலேயே இருந்தது. ஆனால் கடையிடம் கேட்காமல் விளையாட்டு திறக்காது, கடையோ ஆள் இல்லை என்று சொல்லிவிட்டது. இரண்டரை மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்தேன்.

அதன் பின்பு, எங்கள் கடை மூடியதும் கொழுந்தன் தனியாக வைத்த பட்டறைக்கு நான் போனேன். அவனாக வரவில்லை, நான்தான் போனேன் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். பூட்டை உடைத்துத் தரக் கேட்டேன். அவன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, அண்ணன் இருந்தா என் கைய முறிச்சிருப்பார்" என்றான். அவர் இருந்திருந்தால் நான் ஏன் வரப்போகிறேன் என்று கேட்டேன். அவன் ஒன்பது நாள் என் வீட்டுக்கு வந்து, அவர் கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்த்தான். கூலி எதுவும் வாங்கவில்லை. விளையாட்டில் அந்த வீடு பதிவாகியிருந்த கோப்பை நகல் எடுத்து வைக்கப் பார்த்தான், அதுவும் அதே பூட்டோடு பிணைந்திருந்ததால் நகல் திறக்கவில்லை. பத்தாம் நாள் விளையாட்டு திறந்தது. நான் பன்னிரண்டாம் பலகையைப் படித்தேன்.

அதன் பின்பு நடந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பு. என்னைப் போல் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்களோ என்று நினைத்து, கொழுந்தன் செய்ததை ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டு எழுதி, அவன் பட்டறையின் இணையப் பக்கத்தில், அவனிடம் சொல்லாமல் ஏற்றினேன். பட்டறையின் வரவு செலவு எழுத அந்தப் பக்கத்தின் கடவுச்சொல்லை அவன் என்னிடம் முன்பே கொடுத்திருந்தான். அந்தக் குறிப்பை வைத்துத்தான் அவனைக் கைது செய்திருக்கிறார்கள். அதில் 'மேற்படி', 'மேற்கண்டவாறு' என்று பதினொரு இடத்தில் இருக்கிறது. என் கொழுந்தன் வாழ்நாளில் மேற்படி என்று எழுதியவன் அல்ல.

பதின்மூன்றாம் பலகை படித்த ஞாயிறன்று தோட்டத்தின் கீழ்ப்படி ஈரமாக இருந்தது. பதினான்காம் பலகையன்று தோட்டம் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றது. மழைக்காலம் போலிருக்கிறது என்று எண்ணினேன். அடுத்த ஞாயிறு திறந்தபோது சமையலறை ஜன்னல் வரை தண்ணீர். அதற்குள் கிடந்த பலகை ஒன்றில் எழுத்தெல்லாம் கலைந்திருந்தது. உடனே மூடிவிட்டுக் கொழுந்தனை அழைத்தேன். அவன் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணி, இது மழை இல்ல. பூட்ட உடைச்சு வர்றவங்களுக்குன்னு உள்ள வெச்ச தண்ணி. திறந்திருக்கிற வரைக்கும் ஏறும். மூடினா நிக்கும். இறங்காது."

விளையாட்டை உருவாக்கிய அந்த நான்கு பேர் மீது எனக்குக் கோபம் இல்லை. திருடனுக்கு என்று வைத்தார்கள், நான் அதில் கால் வைத்தேன். ஆனால் என் குறிப்பைப் படித்துச் செய்த ஒருவர், தன் மகள் நட்ட மரங்கள் எல்லாம் மூழ்கிவிட்டன, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று எழுதியிருந்தார். குறிப்பை அன்றே எடுத்துவிட்டேன். அதற்குள் அது பல இடங்களுக்குப் போய்விட்டது.

தண்ணீரையும் நிறுத்திப் பார்க்கிறேன், அதுவரை திறக்காதீர்கள் என்று கொழுந்தன் சொன்னான். பதினைந்து நாள் திறக்கவில்லை. போன புதன்கிழமை அவனைக் கைது செய்தார்கள். திங்கட்கிழமை, அதாவது இன்று, என் கணினியை ஒப்படைக்க வேண்டும் என்று எனக்கு எழுத்து மூலம் அறிவிப்பு வந்தது. அறிவிப்பைப் பெற்ற பின்பும் நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நான் விளையாட்டைத் திறந்தேன். சாட்சியத்தைக் கலைத்ததாக வேண்டுமானால் அதையும் என் பெயரில் சேர்த்துக்கொள்ளலாம்.

கீழ்த்தளம் முழுவதும் போயிருந்தது. நான் மாடிப்படியில் ஏறினேன். எனக்கு அதில் ஓடத் தெரியாது, நடக்க மட்டும்தான் அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். படியின் திருப்பத்தில் ஒரு பலகை, மேலே படுக்கையறையில் ஒரு பலகை படித்தேன். அவை இரண்டும் எங்களுக்குள் உள்ளவை, வழக்குக்குச் சம்பந்தம் இல்லை. மீதி இருந்தது ஒரே அறை. அதில் அவர் எனக்கு ஒரு அலுவலகம் கட்டியிருந்தார். மேஜை, நாற்காலி, முத்திரை, மைப்பெட்டி எல்லாம் இருந்தன. ஆரம்ப நாட்களிலேயே கதவு வழியாக அதைப் பார்த்தவள்தான். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸா என்று உள்ளே போகாமலே இருந்தேன்.

மேஜை மேல் இருந்த பலகையில், முத்திரை வேலை பார்ப்பதால் அவர் எனக்கு வைத்த கேலிப் பெயரோடு எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன். "சீல் மேடம், நீ மொதல்ல நேரா இங்கதான் வருவ. அதனால மொத வேலை இது. நான் செத்துட்டேன்னு இந்தக் கடைக்காரங்களுக்கு மட்டும் சொல்லிடாத. விதிமுறைய முழுசாப் படிச்சிட்டேன், இங்க செத்தவங்களுக்கு எடமில்ல. ஒருத்தர்கிட்டயாவது நான் இருக்கேன்னே இருக்கட்டும்."

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கையில் தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. மூடியிருக்கலாம். நான் மூடவில்லை, எழுத்து கலையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பதில் பதினேழு படித்தேன், பதின்மூன்று படிக்கவில்லை. அந்தப் பதின்மூன்றில் என்ன இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை.

பூட்டை உடைக்கக் கேட்டது நான், குறிப்பை எழுதியது நான், பரப்பியது நான். கொழுந்தன் தன் அண்ணன் வீட்டுக் கதவை அண்ணிக்குத் திறந்துவிட்டான், அவ்வளவுதான். அவனை விடுவித்து, வழக்கை என் பெயரில் நடத்த வேண்டுகிறேன். கணினியை இன்று காலை ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டேன்.

இதில் எழுதியிருப்பதை அதிகாரி படித்துக் காட்டினார், நானும் ஒரு முறை வாங்கிப் படித்தேன். யாரும் சொல்லித் தந்தோ மிரட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. நடந்ததுதான் இது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. முதல் தாளில் என் கணவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்த்திருக்கிறார்கள். அதை அடித்துவிட முடியுமா என்று கேட்டேன். முறைப்படி அது இருக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னார். முறை எனக்கும் தெரியும் என்பதால் அப்படியே விட்டுக் கையொப்பம் இடுகிறேன்.

(கையொப்பம்)